வியாழக்கிழமை டிஸ்க்

நான் வேலை செய்த கந்தோரில் மெயின் சுவிட்சை இறக்குவது ஒரு பர்ளான கடமையைப் போலக் கவனமாக நடந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் கடைத்தெரு அடைபடும்போது கடைசியாக வெளியேறுபவர் முதலாளி ஹாஜியார். தொப்பியைச் சரிசெய்து, பிஸ்மி சொல்லி, கதவுக்கு மேலே இருந்த கறுப்புப் பிடியை இழுத்து விடுவார். மின்விசிறிகள் சுற்றிச் சுற்றி ஓயும். அதன் பிறகுதான் ஷட்டர் இறங்கும்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் வரிசையில் ஒரு புடவைக்கடை, பல வருடங்களுக்கு முன், ஜும்ஆ நேரத்தில் வயர் கருகித் தீப்பிடித்ததாம். ஆட்கள் தொழுகை முடித்து வெளியே வந்தபோது மிச்சம் சுவர் மட்டும்தான். அன்றிலிருந்து அந்த வரிசையில் எல்லோரும் இப்படித்தான். நியாயமான பயம். அதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அந்தப் பிடிக்குக் கீழேதான் மின்னஞ்சல் சேர்வரும் இருக்கிறது என்பதை மட்டும் சொன்னேன். ஒரு வருடமாகச் சொன்னேன்.

ஹாஜியாருக்கு வரிப்பத்தான்சேனைப் பக்கம் அரிசி ஆலை. கந்தோர் கல்முனையில். எங்கள் சிவப்பரிசி கட்டாரிலும் குவைத்திலும் நம்மூர் ஆட்கள் சாமான் வாங்கும் கடைகளுக்குப் போகும். விலை பேசுவது, மாதிரி அனுப்புவது, கப்பல் கடதாசிகள், துறைமுகத்துக் கேள்விகள் எல்லாமே மின்னஞ்சலில்தான். வெளியே ஒரு பெரிய கம்பனியிடம் அதை ஒப்படைத்தால் அவர்களே பாதுகாப்பார்கள் என்று நான் வந்த முதல் மாதமே சொல்லிப் பார்த்தேன். ஹாஜியார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"நம்மட கடுதாசி நம்மட ஊட்டுக்குள்ள இரிக்கணும் புள்ள. ஊரான்ட அலுமாரிக்குள்ள நான் ஏன் கொண்டுபோய் வைக்கணும்?"

அதுவும் ஒரு நியாயம்தான். சரி, வீட்டுக்குள்ளேயே காப்பாற்றுவோம் என்று நினைத்தேன்.

என் வாப்பா சாய்ந்தமருதில் கடலுக்குப் போகிறவர். உம்மா மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவ. எங்கள் குடும்பத்தில் சாதாரணதரப் பரீட்சையைத் தாண்டிய முதல் ஆள் நான். ஒலுவில் வளாகத்துக்குப் போய்க் கணினி படித்துப் பட்டம் எடுத்த முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லும்போது கொஞ்சம் தலையைக் குனிந்து சொல்ல வேண்டும் என்று எனக்குப் பலர் புத்தி சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது வரவில்லை. வர வேண்டும் என்று ஆசைப்பட்டதும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்தபோது ஹாஜியார் ஒரு வாக்குத் தந்தார். ஒரு வருடம் பார்ப்பாராம். பிறகு என்னை நிரந்தரமாக்கி, சேர்வருக்கும் கணினிகளுக்கும் பொறுப்பாளர் என்று ஆக்குவாராம், சேர்வர் அறைத் திறப்பு, அந்தப் பூட்டின் சாவி, என் கைக்கு வருமாம். அதுவரைக்கும் திறப்பு மனேஜரின் மேசை லாச்சிக்குள். ஒவ்வொரு நாள் காலையும் நான் அவர் மேசைக்கு முன்னால் நின்று கேட்டு வாங்க வேண்டும். அவர் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தால் நிற்க வேண்டும். அந்தத் திறப்பு எனக்கு வேண்டும் என்பதைத் தவிர அந்த வருடம் நான் துஆவில் வேறெதுவும் பெரிதாகக் கேட்டதாக நினைவில்லை.

சேர்வர் அறை என்பது முன்பு அரிசி மாதிரிகள் வைத்திருந்த சின்ன அறை. நான் முதலில் எலியைத் துரத்தினேன். பிறகு தூசு. பிறகுதான் கணினி. கந்தோரில் எல்லோருடைய மின்னஞ்சலும் அந்த ஒரே பெட்டிக்குள் இருந்தது. அதற்கு ஒரு பிரதி எங்குமே இல்லை. நான் இரண்டு டிஸ்க் வாங்க வைத்தேன். ஒன்று சேர்வரோடேயே இருக்கும். நாள்தோறும் அதில் ஒரு பிரதி விழும். மற்றது கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும். தீயோ வெள்ளமோ கள்ளனோ வந்தால் பெட்டியும் பிரதியும் ஒன்றாகப் போய்விடக் கூடாது. சுனாமி பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியிராது என்று நினைத்தேன். விளக்க வேண்டியிருந்தது.

"நான் ஊட்ட கொண்டுபோய் வைக்கிறன் ஹாஜியார்," என்றேன்.

மனேஜர் சிரித்தார். "கம்பனிட ரகசியமெல்லாம் மீன்காரர் ஊட்டு லாச்சிக்குள்ளயா?"

ஹாஜியார் அவரை ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் டிஸ்க்கை என்னிடம் தரவில்லை. கடைசியில் அது அவருடைய வீட்டு அலுமாரிக்குள் போவதாக முடிவானது. வியாழக்கிழமை பின்னேரம் நான் புதிய பிரதி எடுத்த டிஸ்க்கைத் துவாயில் சுற்றி சாரதியிடம் கொடுப்பேன். ஹாஜியாரின் மனைவி அதைச் சேலைகளுக்கு நடுவில் வைப்பா. அடுத்த வியாழன் காலை அது பூச்சி உருண்டை வாசத்தோடு திரும்பி வரும். கந்தோரில் அதற்கு 'வியாழக்கிழமை டிஸ்க்' என்று பெயர் வந்தது. பகிடியாகத்தான் சொன்னார்கள். கணக்குப் பார்க்கும் ராத்தா மட்டும், "இன்டைக்கு உன்ட புள்ள மாமியார் ஊட்ட போற நாளல்லவா?" என்று கேட்பா. அவவும் நானும்தான் அங்கே பெண்கள்.

பிரதி எடுத்தால் போதாது. அது திரும்பத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் மாதத்துக்கு ஒரு தடவை கழித்துப்போட்ட ஒரு பழைய கணினியில் வியாழக்கிழமை டிஸ்க்கைப் போட்டு எல்லாவற்றையும் மீட்டுப் பார்ப்பேன். மனேஜருக்கு அது வீண் வேலை.

"ஒண்டும் பழுதாகல்லயே. என்னத்துக்குத் திருத்திக்கிட்டு இரிக்காய்?"

"பழுதானா திருத்த ஏலுமாண்டு பாக்கன் சேர்."

"நீ பழுதாகணுமெண்டு துஆ கேக்கிற மாதிரிக் கிடக்கு."

எல்லாம் இருந்தும் மெயின் சுவிட்ச் என்னிடம் இல்லை. கரண்டு நின்றால் கீச்சிட்டுக் கத்திக்கொண்டே கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க ஒரு பற்றரிப் பெட்டி இருந்தது. அந்த நேரத்துக்குள் சேர்வர் தானாக ஒழுங்காக நின்றுகொள்ளும்படி செய்து வைத்திருந்தேன். பற்றரி பழசு. மாற்றச் சொன்னேன். "ஜெனரேட்டர் இரிக்குதானே" என்றார் மனேஜர். மெயினை இறக்கினால் ஜெனரேட்டர் கரண்டும் உள்ளே வராது என்றேன். சேர்வருக்குத் தனியாக ஒரு லைன் இழுக்கச் சொன்னேன். அதை ஹாஜியாரிடமே சொன்னேன், ஒரு தடவை அல்ல. "பாப்பம் புள்ள, பாப்பம்" என்பார். வெள்ளிக்கிழமை பகல் நான் முந்திக்கொண்டு போய் சேர்வரை நானே நிறுத்திவிடுவேன். எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பக்கத்துக் கடை முதலாளியின் வாப்பா மவுத்தாகிவிட்டார். ஜும்ஆவுக்கு முன்னமே அடக்கம். வழமையான நேரத்துக்கு வெகு முன்னதாகவே ஹாஜியார் எழுந்து விட்டார். ஆண்கள் எல்லோரும் சட்டைக் கையை இறக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். வெள்ளிக்கிழமைப் பிரதி அந்த நேரம் டிஸ்க்கில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. பாதியில் நின்றால் பெட்டியும் கெடலாம், டிஸ்க்கும் கெடலாம். நான் ஓடிப்போய் வாசலில் நின்றேன்.

"ஹாஜியார், கொஞ்சம் பொறுங்க. சேர்வர்ல ஒரு வேல ஓடுது. நான் நிப்பாட்டிட்டு வாறன்."

"இனி ஏலா புள்ள. மையித்து எடுக்கப் போறாங்க."

"நீங்க போங்க ஹாஜியார். திறப்ப ராத்தாக்கிட்டத் தாங்க. நாங்க பூட்டிட்டு வாறம்."

மனேஜர் குறுக்கே வந்தார். "ரெண்டு பொம்புளயள உள்ள உட்டுட்டு நாங்க பள்ளிக்குப் போறதா? ஊர் என்னத்தக் கதைக்கும்?"

"அப்ப மெயின மட்டும் இறக்காதீங்க."

ஹாஜியார் என்னைப் பார்த்தார். கோபமில்லை. ஆச்சரியம்தான். "மையித்தக் காக்க வெச்சிட்டுக் கம்பியூட்டரப் பாக்கச் சொல்றியா புள்ள?"

ராத்தா என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தா. ஹாஜியார் பிஸ்மி சொல்லிப் பிடியை இறக்கினார். ஷட்டர் விழுந்தது. நான் தெருவில் நின்று, உள்ளே அந்தப் பழைய பற்றரி எவ்வளவு நேரம் கத்தும் என்று யோசித்தேன். அது கத்தவே இல்லை.

சனிக்கிழமை காலை சேர்வர் எழும்பவில்லை. திரும்பத் திரும்பத் தன்னையே தேடி, கிடைக்காமல், நின்றது. கூட இருந்த டிஸ்க்கில் பாதி எழுதிய பிரதி, பழைய பிரதிகளையும் சேர்த்து வாசிக்க முடியாத குப்பையாகக் கிடந்தது. அன்றைக்கு ஒரு கொள்கலன் கொழும்புத் துறைமுகத்தில் நின்றது. கட்டார்க்காரர் அனுமதித்த கடதாசிகள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள். மனேஜர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, "போச்சு, எல்லாம் போச்சு" என்று கந்தோர் முழுக்க நடந்தார்.

"போகல்ல சேர்," என்றேன். "வியாழக்கிழமை டிஸ்க் ஹாஜியார் ஊட்ட இரிக்கி. எடுப்பிச்சுத் தாங்க."

டிஸ்க் வந்தது. கூடவே ஹாஜியாரின் மாப்பிள்ளையும் வந்தார். அவர் மூத்த மகளைக் கலியாணம் முடித்தவர். எங்கள் ஊர் வழக்கப்படி மகளின் வீட்டோடு இருப்பவர். கட்டாரில் ஏதோ ஒரு கம்பனியில் கணினிப் பகுதியில் இருந்துவிட்டு, வேலை முடிந்து வந்து சில மாதங்கள். மரியாதையான ஆள். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்; எனக்கு அவர் நானா, அண்ணன் முறை.

"தங்கச்சி, நான் என்ன செய்யணும்?"

"இரிங்க நானா. நான் செய்றன்."

அவர் இருந்தார். நான் பழைய கணினியை எடுத்து, மாதாமாதம் செய்து பார்த்த அதே வேலையைச் செய்தேன். பகல் சாப்பாட்டு நேரத்துக்கு முதல் ஆட்களின் மின்னஞ்சல் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. துறைமுகக் கடதாசிகள் இருந்தன. வெள்ளிக்கிழமை பகலுக்குப் பிறகு வந்தவையும், அனுப்பினவர்களின் பக்கம் காத்திருந்து, தாமே வந்து விழத் தொடங்கின. வியாழன் பின்னேரத்திலிருந்து வெள்ளி பகல் வரைக்கும் உள்ளவற்றை ஒவ்வொருவருடைய கணினியிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்தேன். மனேஜருடையதும் விற்பனைப் பையனுடையதும் மட்டும் அவர்களுடைய கணினியிலும் தங்கியிருக்கவில்லை. அந்தக் கொஞ்சம் போய்விட்டது.

பெண்கள் ஹாஜியாருக்கு நேரடியாகத் தொலைபேசி எடுப்பதில்லை. அப்படி ஒரு சட்டம் இல்லை, ஆனால் எடுப்பதில்லை. மாப்பிள்ளைதான் எடுத்தார்.

"மாமா. ஓம் மாமா, வந்திட்டு. எல்லாம் வந்திட்டு. ஓம், நான் இஞ்சதான் இரிக்கன். காலையில இரிந்து இதுலதான் இரிக்கம்."

ஒரு பொய் கூட அவர் சொல்லவில்லை. நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

ஹாஜியார் மஸ்கற் இனிப்புப் பெட்டியோடு வந்தார். எல்லோரும் கூடினார்கள். "அல்ஹம்துலில்லாஹ். கட்டார்ல மருமகன் சும்மாவா இரிந்திரிக்காரு?" என்று அவரே பெட்டியைப் பிரித்து முதல் துண்டை மாப்பிள்ளையின் கையில் வைத்தார். மாப்பிள்ளை என் பக்கம் பார்த்தார். மஸ்கற்றை வாயில் போட்டுக்கொண்டார்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இழப்பை மறைத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்வது எனக்குத் தெரியாது.

"ஹாஜியார், எல்லாம் வரல்ல. மனேஜர்டயும் சேல்ஸ் தம்பிடயும் பெட்டியில வெள்ளி காலம்பற வந்தது இல்ல."

ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். "அதெப்பிடிப் போன?"

"வேல ஓடக்குள்ள மெயின் இறங்கினதால."

மனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார். "அப்ப பிழை ஹாஜியார்ல எண்டு சொல்றா. படிச்ச புள்ளயள் இப்பிடித்தான்."

மாப்பிள்ளை அந்த நேரம்தான் வாயைத் திறந்தார். எனக்கு உதவி செய்யத்தான் திறந்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். "மாமா, சேர்வருக்குத் தனி லைன் ஒண்டு எடுக்கணும். மெயினோட சேர்த்து வெக்கப்படா."

"அப்பிடியா?" என்றார் ஹாஜியார். "இத ஏன் இவ்வளவு நாளா ஆரும் எனக்கிட்டச் சொல்லல்ல?"

என் கையில் ஒரு மஸ்கற் துண்டு. ராத்தா தரையைப் பார்த்தா.

"நான் சொன்னன் ஹாஜியார். எத்தினயோ தரம்."

"நீ சொன்னது லைட்ட ஓஃப் பண்ணவேணாமெண்டு. இவரு சொல்றது வேற."

அன்று பின்னேரமே எலக்ட்ரீசியன் வந்தான். சுவரில் துளை போட்டு, நான் கடதாசியில் கீறிக் காட்டியிருந்த அதே வழியால், தனி லைனை இழுத்தான். புதிய பற்றரியும் வந்தது. போன அந்த ஓரிரு மின்னஞ்சல்களை அனுப்பினவர்கள் திரும்ப அனுப்பிவிட்டார்கள், ஒருவருக்கும் ஒரு நட்டமும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு கந்தோரில் கதை இப்படித்தான் சொல்லப்பட்டது: மாப்பிள்ளை மீட்டார், அந்தப் புள்ளையின் கையால் கொஞ்சம் போய்விட்டது.

ஒரு வருடம் நிறைந்தபோது ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார். முகத்தில் ஒரு வாப்பாவின் கனிவு. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மருமகன் எங்கட ஊட்டோட இரிக்காரு. ஒரு ஆம்புள சும்மா இரிந்தா ஊர் அவரயா கதைக்கும்? என்ட மகளத்தான் கதைக்கும். சேர்வர அவரு பாக்கட்டும். நீ முன்னுக்கு இரி. வாற ஆக்களோட கதைக்க, டெலிபோன் எடுக்க. உனக்கு நல்ல நாக்கு. ஏஸியும் இரிக்கி."

"எனக்குத் தாறண்டு சொன்ன வேல ஹாஜியார் அது."

"இல்லண்டு சொல்லல்லயே. ஆனா நீ நாளைக்குக் கலியாணம் முடிச்சிப் போற புள்ள."

எங்கள் ஊரில் கலியாணம் முடித்துப் போவது ஆண்தான். பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள், அந்த வீடே அவளுக்கு எழுதப்படும். ஹாஜியாருடைய மாப்பிள்ளையே அப்படி வந்தவர். அப்படி வந்தவருக்கு வேலை தேடித்தான் என் வேலை எடுக்கப்படுகிறது. இதெல்லாம் மனதுக்குள் இருக்கட்டும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை.

"நான் எங்க போற ஹாஜியார்? எங்கட ஊட்ட மாப்பிள்ளதானே வருவாரு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "வாய் கூடிப்போச்சு. படிப்பு செய்ற வேல."

மாப்பிள்ளைக்கு எல்லாவற்றையும் ஒப்படைக்க எனக்கு ஒரு கிழமை, ஏழு நாள், தந்தார்கள். மனதில் இருந்த கசப்புக்கு நான் எதையாவது விட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம். ஒரு சின்ன விஷயம் போதும். ஆனால் அந்தப் பெட்டி என் வேலை. யார் கையில் இருந்தாலும் அது கெடுவதை என்னால் பார்க்க முடியாது. கடவுச்சொற்களைக் கொடுத்தேன். டிஸ்க் மாற்றும் முறையைச் சொன்னேன். மீட்டுப் பார்ப்பதை அவரைக்கொண்டே செய்வித்தேன், பிழை விட்டபோது திரும்பவும் செய்வித்தேன்.

"தங்கச்சி நல்லாப் படிப்பிக்கிறீங்க," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்டைக்குச் செஞ்சது நீங்கதாண்டு நான் மாமாக்கிட்டச் சொல்லத்தான் இரிந்த."

"சொல்லுங்க நானா."

"இப்ப சொன்னா மாமாக்கு வெக்கமாப் போயிரும்."

அவர் மாமாவுக்காகத்தான் கவலைப்பட்டார் என்று வைத்துக்கொள்வோம். திறப்பு மேசையில் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. அவர் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். யாரிடமும் கேட்கவில்லை.

முன் மேசையில் நான் இருக்கவில்லை. வேலையை விட்டேன். ராத்தா பிறகும் இடைக்கிடை கதைப்பா. சேர்வர் ஒருநாளும் நிற்கவில்லையாம். மாப்பிள்ளை கெட்டிக்காரர் என்று கடைத்தெருவில் பெயராம். தங்கள் கந்தோரிலும் இப்படிச் செய்து தரும்படி வேறு இரண்டு முதலாளிமார் கேட்டிருக்கிறார்களாம். இழப்பு வராமல் தடுப்பவருடைய வேலை யார் கண்ணிலும் படாது என்று நான் படித்த காலத்தில் சொல்லித் தந்தார்கள். அது முழுவதும் சரியல்ல. மாப்பிள்ளையுடையது பட்டிருக்கிறது.

வேலையை விட்ட அடுத்த கிழமை பக்கத்து வீட்டு மாமி வேலிப் பக்கம் நின்று உம்மாவிடம் கேட்டது எனக்குக் கேட்டது. "என்ன, புள்ள ஊட்டோட நிக்கா? கந்தோருக்குப் போகல்லயா?"

"கலியாணப் பேச்சொண்டு வந்திரிக்கி," என்றா உம்மா. "அதான் நிப்பாட்டின. மாப்பிள்ள ஊட்டார் விருப்பமில்லண்டாங்க."

அப்படி ஒரு பேச்சு வந்திருக்கவில்லை. உம்மா அதை எனக்காகத்தான் சொன்னா. வேலை போன மகளைவிட, கலியாணத்துக்காக வேலையை விட்ட மகள் நல்லவள். ஹாஜியாரும் கந்தோரில் அதையேதான் சொல்லியிருந்தார் என்று ராத்தா சொன்னா. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை. ஒரே காரணம்.

நான் குசினியிலிருந்து வெளியே வந்தேன்.

"கலியாணம் ஒண்டும் இல்ல மாமி. நான் பாத்த வேலய எடுத்து முதலாளிட மருமகனுக்குக் குடுத்திட்டாங்க. அவருக்கு நான்தான் படிப்பிச்சுக் குடுத்த. அதான் வந்திட்டன்."

மாமி உம்மாவைப் பார்த்தா. உம்மா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டா. அன்றைக்குப் பொழுதுபட மஃரிபு தொழுது எழும்பி, பாயைச் சுருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டா.

"உண்ம எண்டாலும், ஊருக்குச் சொல்லத்தான் வேணுமா மக?"

"ஓம் உம்மா," என்றேன்.